பக்கத்து சீட்ல சும்மா உக்காந்திருக்கறவங்க இல்ல

போன வருஷம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு டிஎஸ்டி ராலிக்கு எங்க கிளாஸ்ல இருந்து ரெண்டு பேர் போனோம். டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். ரோட்டை மூடிட்டு பறக்குற நிஜ ராலி இல்ல இது. சாதாரண ரோட்டுல, அவங்க சொன்ன வேகத்துல, ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்கும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான். கார் என் ஃப்ரெண்டோட அப்பா கார். அதனால ஓட்டுறது அவன். எனக்கு நேவிகேட்டர் சீட். "புக்கைப் பாத்து வாசிக்கிறது தானே, நீ உக்காரு, பொண்ணுங்க நல்லா வாசிப்பீங்க"ன்னு டீம்ல ஒருத்தன் பாராட்டு மாதிரி சொன்னான். நானும் சிரிச்சுட்டு உக்காந்துட்டேன்.

ரோட் புக்னா ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு அம்புக்குறி படம், பக்கத்துல தூரம். ஒரு மணி நேரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு இடத்துல ரெண்டு பக்கம் சேர்ந்து புரண்டிருக்கு, நான் கவனிக்கல. கவனிச்சப்போ நாங்க எங்க இருக்கோம்னே எனக்குத் தெரியல. அவன் கேட்டான், "இது தானே ரோடு?" நான் சொன்னேன், "ஆமா, நேரா போ."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாசிக்கிற வேலை கூட தெரியலையான்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். நாலு கிலோமீட்டர் நேரா போய் ஒரு தென்னந்தோப்புல ரோடு முடிஞ்சுது. ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர் ஒரு கல்லுல தட்டிச்சு.

அதுக்கப்புறம் தான் நிஜ ராலில அந்த சீட்டுல உக்காருறவங்க என்னதான் பண்றாங்கன்னு தேடிப் பார்க்க ஆரம்பிச்சேன். (இங்கிலீஷ் மீடியம் பொண்ணு, தமிழ்ல இவ்ளோ நீளமா எழுதுறது இதான் முதல் தடவை. தப்பு இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

முதல் விஷயம், கோ-டிரைவர் ஜிபிஎஸ் இல்ல. ராலிக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டேஜ் முழுக்க மெதுவா ஓட்டிப் பாப்பாங்க. அதுக்குப் பேரு ரெக்கி. உலக ராலி சாம்பியன்ஷிப்ல பொதுவா ரெண்டு தடவை தான் அனுமதி. முதல் தடவை டிரைவர் ஒவ்வொரு வளைவையும் பார்த்து வாயால சொல்ல, பக்கத்துல இருக்கவங்க எழுதணும். ரெண்டாவது தடவை இவங்க வாசிக்க, அவர் திருத்துவார். வளைவோட அளவை நம்பர்ல சொல்லுவாங்க. ஒருத்தருக்கு 1 தான் ரொம்ப நெருக்கமான வளைவு, இன்னொருத்தருக்கு 6. "3 லெஃப்ட், டோன்ட் கட், 100, க்ரெஸ்ட்" மாதிரி போயிட்டே இருக்கும். ஆக அந்த நோட்ஸ் ரெண்டு பேருக்கு மட்டுமே புரியுற ஒரு பாஷை.

வாசிக்கிறதுலயும் விஷயம் இருக்கு. சீக்கிரம் சொன்னா டிரைவர் மறந்துடுவார், லேட்டா சொன்னா மரத்துல இருப்பாங்க. கார் குதிச்சுட்டே இருக்கும், இவங்க கண்ணு பேப்பர்ல இருக்கும். எந்த வளைவுல இருக்கோம்னு வெளிய பாக்குறதை விட உடம்பு எந்தப் பக்கம் சாயுதுங்கிறதை வச்சுத்தான் பாதி நேரம் புரிஞ்சுக்கணும். நாம பஸ்ல வாட்ஸ்அப் பாத்தாலே தலை சுத்துது!

நோட்ஸை நம்பி ஓட்டுறதுக்குப் பழைய ஒரு உதாரணம் 1955 மில்லே மிலியா. இத்தாலியில கிட்டத்தட்ட 1600 கிலோமீட்டர் ரேஸ். டிரைவர் ஸ்டர்லிங் மாஸ், பக்கத்துல டெனிஸ் ஜென்கின்சன்ங்கிற பத்திரிகையாளர். ரோடு முழுக்க ஒரு நீள பேப்பர் சுருள்ல எழுதி, அதை ஒரு பெட்டியில வச்சு உருட்டிட்டே வந்தார். திறந்த கார், சத்தத்துல எதுவும் கேக்காது, அதனால எல்லாமே கை சைகை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு நேரா போகுதுன்னு இவர் கை காட்டினா மாஸ் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்க மாட்டார். 10 மணி நேரம் 7 நிமிஷம் 48 செகண்ட்ல ஜெயிச்சாங்க. சராசரி வேகம் மணிக்கு சுமார் 157 கிலோமீட்டர்.

எல்லாரும் இதை "கெமிஸ்ட்ரி"ன்னு சொல்லி முடிச்சுடறாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கல. 2021 மான்டி கார்லோ ராலிக்கு சில நாள் முன்னாடி தியெரி நியூவில் தன்னோட நீண்டகால கோ-டிரைவர் ஜில்சூலைப் பிரிஞ்சார். புதுசா வந்தவர் மார்ட்டைன் வைடாகே. பழகவே நேரம் இல்ல, ஆனா மூணாவது இடம் வந்தாங்க. 2024ல அதே ஜோடி உலக சாம்பியன். செபாஸ்டியன் லோப் டேனியல் எலெனாவோட 2004ல இருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து ஒன்பது பட்டம் ஜெயிச்சவர். 2022 மான்டி கார்லோவை ஜெயிச்சப்போ பக்கத்துல இருந்தது இசபெல் கால்மிஷ், ஒரு மேத்ஸ் டீச்சர்.

"அப்போ யார் உக்காந்தாலும் லோப் ஜெயிப்பாரே"ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தி கேட்டா. இல்ல. கால்மிஷ் பல வருஷமா நோட்ஸ் வாசிச்சுப் பழகினவங்க. இது ஒரு தொழில், ஒழுங்கா கத்துக்கிட்டவங்களால ஆள் மாறினாலும் செய்ய முடியுது. வெறும் நட்பா இருந்திருந்தா எங்க கார் தென்னந்தோப்புக்குப் போயிருக்காது, நாங்க எல்கேஜி ஃப்ரெண்ட்ஸ்.

பொண்ணுன்னா அந்த சீட்டுங்கிற பேச்சுக்கும் பதில் இருக்கு. 1981 சான்ரெமோல உலக ராலி ஒண்ணை ஜெயிச்ச முதல் பெண் டிரைவர் மிஷேல் மூட்டோன். அவங்களுக்கு நோட்ஸ் வாசிச்சது ஃபப்ரிசியா போன்ஸ். ரெண்டு சீட்டுலயும் பொண்ணுங்க தான்.

எனக்கு மறக்காதது 2005 வேல்ஸ் ராலி. மார்க்கோ மார்ட்டினோட கார் மரத்துல மோதி கோ-டிரைவர் மைக்கேல் பார்க் இறந்துட்டார். மார்ட்டின் உயிர் தப்பினார், ஆனா முழுநேர ராலி வாழ்க்கையை அதோட விட்டுட்டார். அன்னைக்கு லீடிங்ல இருந்தது லோப். ஜெயிச்சா அங்கேயே உலகப் பட்டம். ராலில கன்ட்ரோலுக்கு லேட்டா போனா மட்டும் இல்ல, சீக்கிரம் போனாலும் பெனால்டி உண்டு, அதுவும் லேட்டை விட அதிகம். அந்த நேரக் கணக்கைப் பாக்குறது கோ-டிரைவர் வேலை. வருஷம் முழுக்க ஒரு நிமிஷம் தப்பாம பாத்துக்கிட்ட ஜோடி, அன்னைக்கு வேணும்னே சீக்கிரம் போய் பெனால்டி வாங்கிக்கிட்டாங்க. இறந்தது பக்கத்து சீட்டுக்காரர்ங்கிறப்போ அப்படி ஜெயிக்க அவங்களுக்கு மனசு வரல.

கோ-டிரைவருக்கும் தனி உலகப் பட்டம் உண்டு. லோப்புக்கு ஒன்பதுன்னா எலெனாவுக்கும் ஒன்பது. ஆனா நியூஸ்ல ஒரு பேர் தான் வரும், ரிசல்ட் சரியில்லன்னா முதல்ல மாத்தப்படுறதும் பெரும்பாலும் இந்த சீட் தான். இது நியாயமே இல்லங்கிறது என் கருத்து. டிரைவர் தப்பு பண்ணா "ரிஸ்க் எடுத்தார்"னு சொல்றோம், இவங்க ஒரு வரி விட்டுட்டா "வாசிக்கக் கூட தெரியல".

நான் வாசிச்ச பேட்டிகள்ல இருந்து எனக்குப் புரிஞ்சது, நல்ல கோ-டிரைவருக்கும் இடம் தவறும். ஆனா உடனே சத்தமா சொல்லிடுவாங்க. டிரைவர் கண்ணை நம்பி மெதுவா ஓட்டுவார், இவங்க அடையாளம் கிடைச்சதும் திரும்ப ஆரம்பிப்பாங்க. அஞ்சு செகண்ட் போகும். நான் நாலு கிலோமீட்டர் வாயை மூடிட்டு இருந்தேன்.

என் ஃப்ரெண்ட்கிட்ட இதை ஒத்துக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு. "தெரியும், நீ பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தே"ன்னான். ஏன்டா அப்போவே கேக்கலன்னேன். "நீ சொல்லுவேன்னு நினைச்சேன்."

இந்த வருஷமும் பேர் குடுக்கப் போறோம். இந்தத் தடவை நேவிகேட்டர் சீட்டை நானே கேட்டு வாங்கியிருக்கேன். எனக்கு இடம் தெரியலன்னா "தொலைஞ்சேன்"னு ஒரே வார்த்தை, அவன் ஓரமா நிறுத்தணும், கேள்வி கேக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். கார் கிடைக்குமான்னு தான் தெரியல. அவங்க அப்பா இன்னும் பம்பரைப் பத்திப் பேசிட்டு இருக்கார்.