பெயரைச் சொல்ல என்ன தயக்கம்?

சந்தையில் சரக்கு மீதமில்லை. ஆகவே நோய் பரப்பிய லெட்டூஸை விளைவித்தவர் யார், நறுக்கிப் பொட்டலம் கட்டியவர் யார் என்று வெளியிடத் தேவையில்லை. அமெரிக்க உணவுக் கண்காணிப்பு அதிகாரிகளின் இந்த முடிவை எந்த வகையிலும் ஏற்க முடியாது. 2024 நவம்பரில் 15 மாநிலங்களில் 89 பேர் ஈ.கோலை கிருமியால் நோயுற்றார்கள். 36 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, ஒருவர் உயிரிழந்தார். ரொமைன் என்னும் லெட்டூஸ் வகைக் கீரைதான் காரணம் என்று கண்டறிந்த பிறகும், 2025 பிப்ரவரியில் சத்தமில்லாமல் கோப்பை மூடிவிட்டார்கள். ஏப்ரலில் பத்திரிகையாளர்கள் உள்ளறிக்கையை வெளிக்கொண்டு வந்த பிறகே நாட்டுக்கு விஷயம் தெரிந்தது.

சரக்கு தீர்ந்திருக்கலாம். நோய் தீரவில்லையே! இந்தக் கிருமியின் நச்சு முதலில் குடலைத் தாக்குகிறது, ரத்தப்போக்கோடு வயிற்றுப்போக்கு. சில நாள் கழித்துச் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சிறுநீர் குறைந்து முகம் வீங்குகிறது. பிறகு டயாலிசிஸ். பிழைத்த பிள்ளைக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகவும் கூடும். அந்தச் செலவை யார் தருவது?

அமெரிக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமானது. விற்றவர் அலட்சியமாக இருந்தார் என்று பெரும்பாலான மாநிலங்களில் நிரூபிக்க வேண்டியதில்லை. உணவில் கிருமி இருந்தது, அதனால்தான் நோய் வந்தது என்று காட்டினால் போதும். மலப் பரிசோதனையும் மரபணு ஆய்வும் நோயாளியின் கிருமி எந்தப் பரவலைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். ஆனால் தட்டிலிருந்து வயல்வரை போகும் தடம் முழுமையாக இருப்பது அதிகாரிகளின் கோப்பில் மட்டுமே. அதை மறைத்தால், யார்மீது வழக்குப் போடுவது? வழக்கறிஞர்கள் தாங்களே துப்புத் துலக்கி ஒரு நிறுவனத்தைக் குறிப்பிடுகிறார்கள். அந்த நிறுவனம் மறுக்கிறது. இல்லாவிட்டால், வந்த பையைப் பிரித்துப் பரிமாறிய கேட்டரிங்காரர் மட்டும் கூண்டில் நிற்க நேர்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த குடும்பம் புலனாய்வும் செய்ய வேண்டுமா?

பெயர் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர் இவர்கள். 2006-இல் பசலைக்கீரையால் நோய் பரவியபோது, பதப்படுத்திய நிறுவனம் எது என்பது சில நாட்களிலேயே ஊருக்குத் தெரிந்தது. அதன் பிறகு வந்தவையெல்லாம் தள்ளிப்போடல்களே. 2011-இல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன்கீழ் வந்த பாசன நீருக்கான விதியை ஒத்திப்போட்டுக்கொண்டே போனார்கள். 2018-இல் அரிசோனாவின் யூமா பகுதி ரொமைனால் 210 பேர் நோயுற்று ஐவர் இறந்தார்கள்; அதே கிருமி பாசனக் கால்வாய் நீரில் கிடைத்தது. அருகிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகளை அடைக்கக்கூடிய பட்டி! அதற்கும் ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 மேயில் இறுதியான நீர் விதியில், முன்பு சொன்ன கட்டாய நீர்ப் பரிசோதனையையே கைவிட்டார்கள். கீரை எங்கிருந்து எங்கே போனது என்று பதிவுசெய்யும் விதி 2026 ஜனவரியில் அமலாக வேண்டியது. அதையும் 30 மாதங்கள் தள்ளி 2028 ஜூலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பெயரை மறைப்பது விவசாயிகளைக் காப்பதாகவும் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் எந்த ரொமைனையும் யாரும் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தபோது, தவறே செய்யாதவர்களின் விளைச்சலும் குப்பைக்குப் போனது. தவறியவரைத் தனியே காட்டாவிட்டால் பழி எல்லோர்மீதும் விழும். இப்போது காக்கப்படுவது ஒரே ஒரு சாகுபடியாளரும் அவரிடம் வாங்கியவரும்தான். பச்சையாக உண்ணும் கீரையைக் கழுவினாலும் இந்தக் கிருமி முழுதாகப் போவதில்லை என்னும்போது, வாங்குபவருக்கு அந்தப் பெயரை விட்டால் வேறு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

கோப்பைத் திறந்து பெயர்களை வெளியிட வேண்டும். இனி இப்படி மறைக்க முடியாதபடி வழி செய்ய வேண்டும். பல மாநிலங்களில் வழக்குத் தொடுக்கக் கெடு இரண்டே ஆண்டுகள். 2024 நவம்பரில் நோயுற்ற பெரியவர்களுக்கு அங்கெல்லாம் 2026 நவம்பரோடு நீதிமன்றக் கதவு அடைபட்டுவிடும்.