தேதி கேளுங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போது ராஜபாளையத்து மில் நண்பர், "இன்னிக்குக் கிண்டினதா?" என்று மூன்று தடவை கேட்டார். மில்லுக்குத் திரும்பியதும் நான் அவரிடம் கேட்டேன். "உங்க சர்வர்ல கடைசியா பேட்ச் போட்டது எப்போ?"

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்!"

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்! பேட்ச் என்பது மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் ஒட்டு. விண்டோஸ் சர்வர் 2016-ஐ அப்படியே விட்டால் அது பேட்ச்சை இறக்கி மட்டும் வைக்கும், போடாது. உபுண்டு சர்வர் பாதுகாப்பு பேட்ச்களைத் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் தானாக ரீபூட் ஆகாது; கெர்னல் பேட்ச் அதுவரை சும்மா கிடக்கும். மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்தால் காய்ச்சல் போய்விடுமா?

2017 மார்ச் 14-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் கொடுத்தது. போடாதவர்களை மே 12-ல் வான்னாக்ரை பிடித்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. கையில் இரண்டு மாசம் இருந்தும்!

நான் வெறும் பி.காம். ரொக்கப் புத்தகத்தை நம்பாதே, கல்லாவை எண்ணு என்று படித்தவன். இங்கே கல்லா என்பது அந்தக் கறுப்புத் திரைதான். விண்டோஸின் பவர்ஷெல்லில் 'கெட்-ஹாட்ஃபிக்ஸ்' என்று அடித்தால் போட்ட பேட்ச்கள் தேதியோடு வரும். உபுண்டுவில் 'ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்' பாக்கியைச் சொல்லும். முதலாளிக்குத் தெரியவேண்டாம், சம்பளம் வாங்கும் கம்ப்யூட்டர்காரரை உங்கள் எதிரிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

பால்கோவா கெட்டால் வாங்கியவர் வயிற்றோடு போகும். சர்வரில் இருப்பது நூற்றுக்கணக்கான தொழிலாளிகளின் சம்பளக் கணக்கு சார்!