லயத்து வீட்டில் கன்சோலை எங்கே வைப்பது?

"போனில் ஆடுவதெல்லாம் ஒரு கேமா? கன்சோல் வாங்கிவிட்டு வந்து பேசு" என்கிறார் நண்பர். மூணாறு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு ராத்திரி தங்கியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடிய பிறகு முடிவான நாள்கூலி 301 ரூபாய். பிறகு ஏறியது உண்மைதான்; ஆனாலும் அந்தப் பெட்டி மாதக்கணக்கில் கொழுந்து கிள்ளிய காசு.

சரி, வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது ஒரே டிவி. சாயங்காலம் அது அம்மாவின் சீரியலுக்கு. பையன் அடுப்போரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஓரம் கீறல் விழுந்த போனைச் சாய்த்துப் பிடித்து ஆடுகிறான். ஆடி மழையில் கரண்ட் போனாலும் அவன் ஆட்டம் நிற்பதில்லை. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினால் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில் திரும்புவதற்குள் சுடப்பட்டுவிடுவான். அதனால் நெட் இல்லாமலே ஓடும் கார் ரேஸும் செஸ்ஸும் வைத்திருக்கிறான். தனக்கு ஒத்துவருவது எதுவென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நண்பர் அவனைக் கேட்டுவிட்டுப் பேசியிருக்கலாம்.