கரண்டு போனால் குடமும் காலியா?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவி)

"கரண்டு போச்சு!"

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நம் விடுதியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓ...வென்று ஒரு கூச்சல். நாலு விசில். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் மறுபடியும் அதே கூச்சல். பரீட்சைக்கு முந்தின நாள் போனால் மட்டும் கொஞ்சம் திட்டுவோம். அதோடு மறந்துவிடுவோம்.

நண்பர்களே, பத்து நிமிடத்தில் வராமல் பத்து நாள் வராவிட்டால்? இருபது நாள் வராவிட்டால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் ஆறாம் வகுப்பு. டெல்டா பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை மரங்கள் விழுந்ததற்குக் கணக்குப் பார்க்கவே மனசு வராது. தேங்காய் உரித்துக் கூலி வாங்கும் என் அப்பாவுக்கு அன்றோடு வேலை போயிற்று. எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது இருபத்து மூன்றாவது நாள்.

அந்த நாட்களில் எது இல்லாமல் தவித்தோம் என்று கேட்டால் எல்லோரும் 'வெளிச்சம்' என்றுதான் நினைப்பார்கள். இல்லை. இருட்டு மூன்றே நாளில் பழகிவிட்டது. பழகாதது தாகம்!

ஊர் நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி நின்றது. ஆனால் அதில் ஏற்ற மோட்டார் ஓட வேண்டுமே! மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு அடிபம்பு இருந்தது. குழாய் வந்த பிறகு யாரும் கவனிக்காமல் கைப்பிடியே காணாமல் போயிருந்தது. முதல் நாலைந்து நாள் விழுந்த மரத்து இளநீரைக் குடித்தோம். பிறகு அதுவும் இல்லை. அரை மைல் தள்ளி இருந்த இன்னொரு அடிபம்பில் விடியற்காலை மூன்று மணிக்கே வரிசை. அம்மா இரண்டு குடம், நான் ஒரு குடம். டிராக்டரில் ஜெனரேட்டர் கொண்டு வந்து, மோட்டார் ஓட்டித் தர ஒரு மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள். காசு இருந்தவர்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். எங்களிடம் இல்லை.

"அப்படியானால் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்தால் போச்சு!" என்றாள் வகுப்புத் தோழி ஒருத்தி. சரி, நாம்தான் மின்னியல் படிக்கிறோமே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதும், பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதும் போனால் கைக்குக் கிடைப்பது சுமார் 1200. ஒரு சாதாரண மின்விசிறி 75 வாட், இரண்டு எல்.இ.டி. பல்பு 18 வாட். சேர்த்து 93. பதின்மூன்று மணி நேரம் ஓடும். முதல் ராத்திரியோடு கதை முடிந்தது! திரும்ப சார்ஜ் ஏற்றவும் கரண்டுதானே வேண்டும்? அதே பேட்டரியில் விசிறியை விட்டுவிட்டு, இரண்டு பல்பை மட்டும் ராத்திரி நாலு மணி நேரம் எரித்து, மற்ற நேரம் இன்வெர்ட்டரையே அணைத்து வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலேயே வரும். ஆக, பெட்டியை வாங்குவது மட்டும் தயாரிப்பு ஆகாது. எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் தயாரிப்பு. இன்வெர்ட்டரே வாங்க முடியாத வீட்டுக்கும் அந்த முடிவு எடுக்கக் காசு தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்தடையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மின்தொகுப்பே விழுவது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அடுத்தடுத்து விழுந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து சரிந்தபோது, அறுபது கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி நின்றுபோனது. அன்று நம் தென்னகத் தொகுப்பு தனியாக ஓடியதால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக நாமும் அதே தொகுப்பில் சேர்ந்துவிட்டோம். அதனால் பலமும் நம்முடையது, பயமும் நம்முடையது. ஆனால் தொகுப்பு விழுந்தால் கம்பிகள் அப்படியேதான் இருக்கும். நீர்மின் நிலையங்களை முதலில் ஓட்டி, அந்த மின்சாரத்தைக் கொண்டு அனல்மின் நிலையங்களை எழுப்பி, படிப்படியாகக் கொண்டு வந்துவிடுவார்கள். மணிக்கணக்கு, மிஞ்சினால் ஓரிரு நாள்.

இரண்டாவது சாதி, கம்பமே விழுவது. புயல் செய்வது அதைத்தான். அங்கே ஒவ்வொரு குழியையும் மனிதன் கையால் தோண்ட வேண்டும். வாரக்கணக்கு ஆகும். நம் வீடு தயாராக வேண்டியது இந்த இரண்டாவதுக்கு. அதற்குத் தயாரானவன் முதலாவதைத் தூக்கத்திலேயே தாண்டிவிடுவான்.

எப்படித் தயாராவது? படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். பேரிடர் நிவாரணத்துக்கு உலக அளவில் வைத்திருக்கும் 'ஸ்பியர்' அளவுகோல் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கு 75 லிட்டர். புயல் எச்சரிக்கை வந்ததும் குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் நிரப்பினால் நாலு நாளைக்கு 300 லிட்டர் தேறும். இருபது நாளைக்கு யாராலும் நிரப்ப முடியாது. அதனால் உங்கள் தெரு அடிபம்பு இன்று ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். ஒரு வாஷரில் தீரும் பழுதுக்காகத்தான் பல பம்புகள் கிடக்கின்றன. வெள்ளம் கலந்த தண்ணீரைக் கொதிக்க ஆரம்பித்த பின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள்.

இரண்டாவது அடுப்பு. கஜா நேரத்தில் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் மூலையில் உட்கார்ந்துவிட்டன. அப்பாயியின் அம்மி எழுந்து நின்றது! தெருவில் பாதி வீட்டில் அம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஏழை வீட்டுக்கு அன்று கிடைத்த ஒரே பெருமை அதுதான். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கருவாடு, இடித்த மாவு என்று அரைக்காமல் சாப்பிடக் கூடியதைப் பத்து நாளைக்கு வையுங்கள். ஒரு சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கும்போதே அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள். கீற்று வீட்டில் மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் லைட் போதும்.

மூன்றாவது மருந்து. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை பதினைந்து நாளைக்காவது கூடுதலாக இருக்கட்டும். பயன்படுத்த ஆரம்பித்த இன்சுலினைப் பெரும்பாலான வகைகளில் ஏறக்குறைய நாலு வாரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே, சூடு ஏறாத இடத்தில் வைக்கலாம். உங்கள் வீட்டில் இருக்கும் வகைக்கு எவ்வளவு நாள், எத்தனை டிகிரி என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருக்கும். இன்றே படித்து வையுங்கள். பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மேலே ஈரத்துணி. ஆவியாதல் பற்றி நாம் படித்ததற்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடையாது.

நாலாவது சேதியும் காசும். செல்போன் கோபுரங்களும் பேட்டரியில்தான் நிற்கின்றன. அது தீர்ந்தால் உங்கள் போனில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. பென்சில் பேட்டரி போடும் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வையுங்கள். ஏ.டி.எம்.மும் ஓடாது, போனில் பணம் அனுப்பவும் முடியாது. பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் அரிசிப் பானையில் கிடக்கட்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இதெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

என் சித்தப்பா ஒப்பந்தத் தொழிலாளி. கம்பம் நட, கம்பி இழுக்கக் கூலிக்குப் போவார். கஜாவின் பன்னிரண்டாம் நாள், பக்கத்து ஊரில் லைனை ஆஃப் செய்துவிட்டதாகச் சொல்லித்தான் அவரைக் கம்பத்தில் ஏற்றினார்கள். கம்பியைத் தொட்டார். தூக்கி எறிந்தது. கீழே சேற்று வயலாக இருந்ததால் உயிர் தங்கியது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஜெனரேட்டரை ஓட்டி, அந்தக் கரண்டை வீட்டு ஒயரிங்கில் கொடுத்திருக்கிறார்கள். அது மீட்டரைத் தாண்டி, செத்துக் கிடந்த லைனுக்கு உயிர் கொடுத்துவிட்டது. லைனை எர்த் செய்யும் ராடு போட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஒப்பந்தக்காரர் அதைக் கொடுக்கவில்லை. அது யார் வீட்டு ஜெனரேட்டர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது. ஃபேன் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. எதிர்வீட்டுப் பெரியப்பா வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டு வந்தார். என்னைக் கூப்பிட்டு இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரைக் கையில் கொடுத்தார்.

"ஏம்மா, நீ கரண்டுக்குத்தானே படிக்கிறே? ஒரு முனையை ஜெனரேட்டர்ல சொருகி, இன்னொன்ன சுவத்துப் பிளக்குல சொருகிடு. வீடு பூரா எரியும்."

"வேண்டாம் பெரியப்பா. லைன்ல போயிரும்."

"மெயினை ஆஃப் பண்ணிட்டாப் போச்சு!"

"இப்ப ஆஃப் பண்ணுவீங்க. ராத்திரி கரண்டு வந்துருச்சான்னு பார்க்க யாராவது ஒரு புள்ள அத ஆன் பண்ணும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு வருஷம் படிச்சு இதுக்கே பயம்னா, எதுக்கும்மா படிச்சே?" என்றார். அப்பா பேசாமல் நின்றார். என் முதல் வருடக் கட்டணத்துக்கு அவரிடம்தான் கைமாற்று வாங்கியிருந்தோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவள் நான். நான் சொல்வது சரியா, தப்பா என்று அப்பாவுக்குத் தெரியாது. கடன் மட்டும் தெரியும்.

அப்போது சித்தப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒயரை இடது கையில் வாங்கிச் சுருட்டினார். மூன்று விரலில் ஒயர் சுருட்டுவது எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்று எல்லோரும் பார்த்தோம்.

பிறகு நான் செய்தது சின்ன வேலைதான். பெரியப்பா வீட்டு மோட்டார் ஒயரை லைனிலிருந்து பிரித்து நேராக ஜெனரேட்டரில் கொடுத்தேன். வீட்டு ஒயரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். உள்ளே வைத்தால் அதன் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அவர் தொட்டி நிரம்பியது. பிறகு அவரே, "தெருவுல எல்லாரும் குடத்த எடுத்துட்டு வாங்க" என்றார். காசு கேட்கவில்லை. இப்போது அவர் வீட்டில் முறையாக ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. அது இருந்தால் ஒன்று லைன், இல்லை ஜெனரேட்டர். இரண்டும் ஒருநாளும் கைகோர்க்காது.

மின்னியல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கமிருந்து 230 கொடுத்தால் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் ஏற்றியும் தரும். "தெரு லோடு மொத்தமும் விழுந்தால் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடுமே" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் புயலில் லைன் அறுந்து கிடக்கும்போது லோடு எங்கே இருக்கிறது? லைனில் இருப்பது வேலை செய்ய ஏறிய ஒரு மனிதனின் கை மட்டுமே!

ஆகவே என் கருத்து இதுதான். நீண்ட மின்தடைக்கு ஒரு வீடு மட்டும் தனியாகத் தயாராக முடியாது. நம் வீட்டுத் தண்ணீர் தெரு பம்பில் இருக்கிறது. நம் வீட்டு வெளிச்சத்துக்கான ஆபத்து அடுத்த ஊர்க் கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. தெருவுக்கே சேர்த்துத்தான் தயாராக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நாம்தான்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்வோம். இயந்திரவியல் நண்பர் அடிபம்பைக் கழற்றிப் பார்க்கட்டும். கட்டடவியல் நண்பர் தொட்டியையும் பழைய கிணற்றையும் பார்க்கட்டும். மின்னணுவியல் நண்பர் பரணில் கிடக்கும் ரேடியோவுக்கு உயிர் கொடுக்கட்டும். கணிப்பொறி நண்பர் தெருவில் யாருக்கு என்ன மருந்து என்று ஒரு பட்டியல் எழுதட்டும். கணிப்பொறியில் அல்ல, காகிதத்தில்! மின்னியல் நாம், ஜெனரேட்டர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "சேஞ்ச் ஓவர் இருக்கா?" என்று கேட்போம்.

"எதுக்கும்மா படிச்சே?" என்று நம்மைக் கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.