வளர்ந்த யதீம் யார் பொறுப்பு?

நம் சமூகத்துக்கு யதீம்கள் மீது அலாதிப் பிரியம். ஆனால், அந்த யதீம் சிறுபிள்ளையாக இருக்க வேண்டும். மேடையில் கிராஅத் ஓத வேண்டும். நாம் கொடுத்த பெருநாள் உடுப்போடு படத்துக்கு நிற்க வேண்டும். குரல் உடைந்து, எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், "பாலிகாகிவிட்டான், இனி அவன் யதீமில்லை" என்று சட்டம் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் மௌத்தாகி, பிள்ளைகளும் வெளிநாடு சென்றபின், எனது 61ஆவது வயதில், பெற்றோரை இழந்த சகோதரிகள் இருவரைப் பொறுப்பேற்றேன். மூத்தவளுக்கு 16, இளையவளுக்கு 14. ஊர் கேட்ட முதற் கேள்வி: "இந்த வயதில் உங்களுக்கு ஏன் டீச்சர் இந்தத் தலையிடி?" இரண்டாவது: "வளர்ந்த பிள்ளைகளை இப்படி வைத்திருப்பது மார்க்கத்தில் கூடுமா?" பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று எவரும் கேட்கவில்லை.

சரி, மார்க்கத்தையே பேசுவோம். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆவது வசனம் வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களது தந்தையரின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது. பெயரைப் பறிக்காதே என்பதுதான் கட்டளை; கதவைச் சாத்து என்பதல்ல. என் வீட்டுப் பிள்ளைகள் என்னை மாமி என்றே அழைக்கிறார்கள். பாடசாலை இடாப்பில் அவர்களுடைய வாப்பாவின் பெயரே இருக்கிறது. அந்நிஸா 6ஆவது வசனமோ, யதீமின் சொத்தை ஒப்படைக்கப் பருவ வயது மட்டும் போதாது, அறிவு முதிர்ச்சியும் காணப்பட வேண்டும் என்கிறது. காசைக் கையாளவே முதிர்ச்சி வேண்டுமென்றால், வாழ்க்கையைக் கையாள வேண்டாமா? மஹ்ரம் பிரச்சினை என்போர், தனித்திருக்கும் மூதாட்டியின் வீட்டில் பெண்பிள்ளைகள் வாழ்வதற்கு எது தடையென்று சொல்லட்டும்.

நாட்டுச் சட்டத்திலும் வழியுண்டு. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினரல்லாத தகுதியான ஒருவரிடமும் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். எத்தனை மிம்பர்களில் இது சொல்லப்பட்டிருக்கிறது?

இது சுலபமான காரியமென்று நான் சொல்லவரவில்லை. இளையவள் மூன்று மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூத்தவள் தலையணைக்குக் கீழ் பாண் துண்டுகளை ஒளித்துவைத்தாள். இத்தகைய பிள்ளைகளிடம் அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும். காத்திருக்க நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் நம்மைப் போன்ற வயதானவர்கள்தாம்.

யதீம்கானாக்களுக்குக் கட்டடம் கட்டுவோர் கட்டட்டும். ஆனால், பிள்ளைகள் பறந்துபோன நமது வீடுகளில் அறைகள் பூட்டிக் கிடக்கும்போது, பதினைந்து வயதுப் பிள்ளையொன்று போக்கிடமின்றி நிற்பதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டாதீர்கள். மனமில்லை என்றால், மனமில்லை என்றே சொல்லிவிடுங்கள்.