வீட்டு வரியும் குண்டலுபேட்டையின் வரவு செலவும்

மார்ச் நெருங்கினால் கர்நாடகத்தின் சிறு நகரங்களில் வரவு செலவுத் திட்டக் கூட்டங்கள் தொடங்கிவிடும். ஒரு வார்டு உறுப்பினர் வடிகால் கேட்பார், இன்னொருவர் தெருவிளக்கு கேட்பார். 'உபரி பட்ஜெட்' என்ற அறிவிப்போடு கூட்டம் கலையும். உபரி எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையைச் சுமந்து வந்தது என்று நம் தோழர்களும் அரிதாகவே கேட்கிறோம்.

குண்டலுபேட்டையை எடுத்துக்கொள்வோம். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் இன்று சாமராஜநகர் மாவட்டத்திலும் உள்ள வட்டத் தலைநகர் இது. 2011 கணக்கெடுப்பின்படி முப்பதாயிரத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட புரசபை. மைசூரிலிருந்து வரும் சாலை இங்கே பிரிந்து, ஒன்று பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகைக்கும் மற்றொன்று வயநாட்டுக்கும் செல்கிறது. கேரளத்தின் ஓணப் பந்திக்குக் காய்கறி இந்த வட்டாரத்து வயல்களிலிருந்தும் போகிறது. சுற்றுலா வாகனங்கள் ஊரைக் கடந்து ஓடுகின்றன. அவை எரிக்கும் பெட்ரோலின் வரி தில்லிக்கும் பெங்களூருக்கும் சேர்கிறது. காட்டோரச் சொகுசு விடுதிகளோ புரசபை எல்லைக்கு வெளியே கிராமப் பஞ்சாயத்துகளில் நிற்கின்றன. நகரத்துக்கு மிஞ்சுவது குப்பையும் நெரிசலும்தான். இத்தகைய சந்தை ஊர்களுக்கு ஒருகாலத்தில் ஆக்ட்ராய் என்னும் நுழைவு வரி இருந்தது. 1979இல் கர்நாடகம் அதை நீக்கியது. 2017இல் ஜிஎஸ்டி விளம்பர வரியையும் விழுங்கிற்று. ஆக, கையில் இருப்பவை வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, உரிமக் கட்டணம் போன்றவையே.

இந்தச் சிறு கையிருப்பின் மீதுதான் ஒன்றிய அரசு கண் வைத்தது. 2020 மே மாதம், ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தபோது, மாநிலங்கள் கூடுதலாகக் கடன் வாங்க மோடி அரசு நிபந்தனைகள் விதித்தது. சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை நிலத்தின் வழிகாட்டி மதிப்போடு பொருத்த வேண்டும், குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களை உயர்ந்துவரும் செலவுக்கு ஏற்ப நிர்ணயிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இதற்கு அவர்கள் இட்ட பெயர் சீர்திருத்தம். இத்தகைய ஆவணங்களைத் தமிழாக்கும்போது அந்தச் சொல்லை எழுத என் கை ஒவ்வொரு முறையும் தயங்குகிறது. அதற்குப் பத்து மாதம் முன்புதான், 2019 சூலை 5 அன்று, நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலைச் சொல்லி வரி அறம் பேசியிருந்தார்!

அன்றைய பாஜக மாநில அரசு மறுப்பின்றி இணங்கிச் சட்டத்தைத் திருத்தி, 2021-22 முதல் சொத்து வரியை வழிகாட்டி மதிப்போடு கட்டியது. பின்னர் வந்த காங்கிரஸ் அரசும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் வழிகாட்டி மதிப்பையே உயர்த்தியது. பதினைந்தாவது நிதிக்குழுவும் 2021-26க்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென 1,21,055 கோடி ரூபாயைப் பரிந்துரைத்துவிட்டு, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. சிறு நகரங்களுக்கான மானியத்தில் 60 விழுக்காடு எதற்குச் செலவிட வேண்டும் என்பதும் மேலேயே முடிவாகிவிட்டது.

மதிப்பு என்பது வருமானம் அன்று. நெடுஞ்சாலையோரம் மனை விலை ஏறினால், பாட்டன் கட்டிய ஓட்டு வீட்டில் குடியிருக்கும் சுமைப்பணித் தொழிலாளியின் கூலி ஏறுவதில்லை. வீட்டை விற்றால்தான் அந்த மதிப்பு அவர் கைக்கு வரும். அப்போது அவருக்கு வீடு இராது.

நூறாண்டுகளுக்கு முன் இலண்டனின் பாப்ளர் நகர மன்றம் இதே அநீதியை எதிர்கொண்டது. அங்கே ஒரு பென்னி வரி விதித்தால் ஏறத்தாழ 3,600 பவுண்டு கிடைத்தது; செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் அதே பென்னி 31,000 பவுண்டுக்கு மேல் தந்தது. வேலையற்றோருக்கு நிவாரணம் தரும் சுமையோ பாப்ளருக்கே அதிகம். 1921இல் ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான மன்றம், இலண்டன் மாவட்ட மன்றத்துக்குச் செலுத்தவேண்டிய வரித்தொகையை விதிக்க மறுத்தது. முப்பது உறுப்பினர்கள் சிறை சென்றனர். ஏறத்தாழ ஆறு வாரங்களில் அவர்கள் வெளிவந்தனர். நிவாரணச் சுமையை இலண்டன் முழுவதும் பகிரும் சட்டமும் வந்தது. அவர்கள் கேட்டது வரியே வேண்டாம் என்பதை அன்று. செல்வம் இருக்கும் இடத்தில் வரி விழ வேண்டும் என்பதையே.

இங்கு நம் குறையையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வரி உயர்ந்தால் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். செலவுப் பட்டியலைப் படிப்பதில்லை. வரியே கூடாது என்று வணிக வளாக உரிமையாளரும் சொல்கிறார். அவரோடு ஒரே வரிசையில் நிற்பது நமக்கு அழகன்று.

மாநில அரசையும் விட்டுவைக்கலாகாது. வரிப் பகிர்வில் கர்நாடகத்தின் பங்கு 4.713இலிருந்து 3.647 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2024 பிப்ரவரி 7 அன்று முதல்வர் சித்தராமையா தில்லியில் போராடினார். நியாயமான போராட்டம். ஆனால் அதே வேளையில் மாநிலத்தின் பல நகராட்சிகளில், தலைவர் பதவிக்கான இடஒதுக்கீடு ஓராண்டுக்கு மேலாக முடிவாகாமல், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்கவே, அதிகாரிகள் நிர்வாகம் செய்தனர். 1993 சூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பெங்களூரில் இப்படித்தான் வாசிக்கப்படுகிறது.

இன்று நம் கையில் இருக்கும் கருவிகளையாவது பயன்படுத்தலாம். கர்நாடக நகராட்சிகள் தம் நிதியில் 24.10 விழுக்காட்டைத் தலித், பழங்குடி மக்களுக்கும், 7.25 விழுக்காட்டைப் பிற ஏழைகளுக்கும், 5 விழுக்காட்டை மாற்றுத் திறனாளிகளுக்கும் ஒதுக்க வேண்டும். பட்ஜெட்டுக்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் காலி நாற்காலிகளே அங்கு அமர்ந்திருக்கும். அடுத்த கூட்டத்துக்குத் தோழர்கள் சென்ற ஆண்டின் கணக்கோடு போகட்டும். அந்த 24.10இல் செலவாகாமல் கிடப்பது எவ்வளவு? பௌரகார்மிகர்களின் கையுறைக்கும் காலணிக்கும் எழுதிய தொகை யாரிடம் போயிற்று? நெடுஞ்சாலையோர வணிகக் கட்டடங்கள் உண்மையான அளவுக்கு வரி கட்டுகின்றனவா? இம்மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்கிய பிறகு வீட்டு வரியைப் பற்றிப் பேசுவோம்.