லேவியராகமத்தில் நிற்கிறவர்கள்

ஜனவரியில் ஆதியாகமத்தைத் தொடங்குகிறவர்களில் பலர் லேவியராகமத்தின் பலிமுறைகளில் நின்றுவிடுகிறார்கள். பாக்கி சேரச் சேர வேதத்தைத் திறக்கவே கூச்சம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தம் சபைக்காக வகுத்த வாசிப்பு அட்டவணை இன்றும் புழங்குகிறது: தினமும் குடும்ப ஜெபத்துக்கு இரண்டு, தனிஜெபத்துக்கு இரண்டு என ஏறத்தாழ நான்கு அதிகாரம். ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை முடிந்துவிடும். அதன் ஆபத்துகளையும் அவரே எழுதிவைத்தார்: சடங்காகலாம், முடித்தோம் என்ற பெருமை வரலாம், சிலருக்குச் சுமையாகலாம். இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு வெறும் கட்டங்களை அச்சிட்டுக் கொடுப்பது பாதி வேலைதான். நேரம் மாறக்கூடாது, அளவு குறையலாம் என்பது என் கட்சி. மார்ச்சில் விட்டவர் மீண்டும் தொடங்கும் நாளின் தேதிப் பகுதியிலிருந்தே தொடரட்டும். தவறிய அதிகாரங்கள் அடுத்த ஆண்டு மறுபடி வரும்.